மைனஸ் நாற்பதில் ஒரு ஜோடி பூட்ஸ்

பெண் கேட்பதற்கு இடம் பொருள் ஏவல் என்று ஏதாவது வேண்டாமா? டெல்மர் ஓஸ்ட்பிக்கு அதெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கீழ்த்தளத்தில் ஊரே காபிக் கோப்பையும் கையுமாக நிற்கிற நேரத்தில் வெர்னீஸிடம் நேரே போய், "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" என்று கேட்டுவைத்தான். அறுபத்தாறு வயது. மனைவியை இழந்தவன். வேலை பார்த்த காலமெல்லாம் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். அந்த வண்டியைப் போலவேதான் பேச்சும். எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கமில்லை.

வெர்னீஸ் ஒன்றும் பதறவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டாளமே கூச்சல் போட, பனிப்புயலில் வண்டியைக் கோணாமல் கொண்டுபோகிறவளுக்கு இந்தக் கேள்வி எம்மாத்திரம்? வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய லெஃப்ஸா ரொட்டியின் கடைசித் துண்டை நிதானமாக மென்று முடித்தாள்.

"இந்தக் குளிர்காலத்துலயே மோசமான நாளாப் பார்த்து ஏரியில உன் மீன் வீட்டுக்கு வரேன்," என்றாள். "அங்க நான் பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு உக்காந்து சாப்பிடணும். சாப்பிட்டேன்னா மார்ச்சுல கல்யாணம். முடியலைன்னா இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"அவ்வளவுதானா? வெறுங்காலோட ஆட்டம் போடுற அளவுக்குச் சூடா வெச்சிருக்கேன், வா!"

"ஆட்டத்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல பூட்ஸ்."

இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் ஓர் அனுமானம் இருந்தது. வெர்னீஸின் முதல் கணவன் லைல் மீன் பைத்தியம். கல்யாணமான நாளிலிருந்து குளிர்காலம் முழுக்க அவளை உறைந்த ஏரியிலேயே உட்கார வைத்தவன். கேஸ் வாங்குவதில் கஞ்சன் என்றும் பேச்சு. பாவம், மூன்று வருஷத்துக்கு முன் இரும்புக் கடையில் வரிசையில் நின்றபோது மாரடைப்பில் போய்விட்டான். அவனோடு பட்ட குளிருக்குத்தான் இவள் இப்போது வட்டி கேட்கிறாள் என்று ஆர்லோ போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஏரியில் டெல்மரின் மீன் வீட்டுக்கு ஐம்பதடி தள்ளி இருப்பது ஆர்லோவின் மீன் வீடு. மீன் வீடு என்றால், உறைந்த ஏரிமேல் பலகையால் அடித்து நிறுத்தி, தரையில் துளை போட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே மீன் பிடிக்கிற குடில். ஊரில் இருக்கும்போதைவிட ஏரியில் அவன் வாய் இன்னும் அகலம்.

டெல்மர் சும்மா இருப்பானா? ஒட்டுப்பலகை வீட்டின் இண்டு இடுக்கெல்லாம் நுரை அடைத்தான். தரையில் பழைய கம்பளம் விரித்தான். சுவரடியில் பனியை வாரி அணை கட்டினான். ஆனால் காற்று வரும் இரண்டு துளைகளை மட்டும் மறைக்காமல் விட்டான். கதவுக்கு மேலே நச்சுப் புகை வந்தால் கத்துகிற அலாரத்தை மாட்டினான். அதுவரைக்கும் எல்லாம் சரி. புத்தி கெட்டது அதற்கப்புறம்தான்.

பல குளிர்காலங்கள் அவனுக்கு உழைத்த குட்டி ஹீட்டர் ஒன்று இருந்தது. அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மூன்று மடங்கு பெரிய புதிய ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். அது எரிகிற அழகைக் காட்டுவதற்காகவே ஆர்லோவை விருந்துக்குக் கூப்பிட்டான்.

"டேய், இது மீன் வீட்டுக்கா, இல்ல மாட்டுக் கொட்டகைக்கா?" என்றான் ஆர்லோ.

"பொறாமைப்படாதடா. வேணும்னா இங்க வந்து கால் காயவெச்சுக்கோ."

அன்றைக்கு வெளியே மைனஸ் இருபதுதான். ஹீட்டர் சிங்கம்போல உறுமியது. டெல்மர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, மார்ச் மாதத்துக்கு எந்த கோட் போடலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, வானொலிக்காரன் மைனஸ் நாற்பது என்றான். செல்சியஸோ ஃபாரன்ஹீட்டோ, எந்த அளவையில் பார்த்தாலும் நாற்பது நாற்பதுதான், தப்பிக்க வழியே இல்லாத எண் அது. டெல்மர் அப்போதே ஏரியில் இருந்தான். வெர்னீஸிடமிருந்து போன் வந்தது.

"இன்னைக்குத்தான். வண்டியை எடுத்துட்டேன்."

"வா, வா! எண்ணெய் காயுது!"

அவளுடைய பிக்கப் வண்டி பனிக்கட்டிமேல் கிரீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றபோது, உள்ளே சொர்க்கமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. ஹீட்டரின் முகம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. தரையிலிருந்த துளையில் காலையிலேயே பிடித்த பெர்ச் மீன்கள், சுத்தம் செய்து மாவில் புரட்டித் தயாராக இருந்தன. வெர்னீஸ் கதவைச் சாத்திவிட்டு நாலா பக்கமும் பார்த்தாள். அலாரத்தின் பச்சை விளக்கைப் பார்த்தாள். காற்றுத் துளைகளைப் பார்த்தாள். மூலைகளைக்கூட விடவில்லை, கட்டிலுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தைத் தேடுற? வேற பொம்பளை யாரையும் ஒளிச்சு வைக்கலை."

"உன்கிட்ட யாரு வருவா? சிலிண்டர் எங்க?"

"வெளிய. சுவருக்கு அந்தப் பக்கம்."

அவள் தலையாட்டிவிட்டு மேல் கோட்டைக் கழற்றினாள். கழுத்துத் துணியை அவிழ்த்தாள். தொப்பி போயிற்று. டெல்மர் ஒவ்வொன்றையும் வாங்கி ஆணியில் மாட்டினான், ஏதோ பதக்கம் மாட்டுகிறவன் போல. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, வலது பூட்ஸின் கயிற்றைப் பிடித்தாள்.

ஹீட்டர் பெருமூச்சு விட்டது.

ஆரஞ்சு மஞ்சளாயிற்று. மஞ்சள் நீலமாயிற்று. நீலம் ஓரத்தில் ஒரு கோடாக நடுங்கிக்கொண்டு நின்றது. வெர்னீஸ் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உன் சிங்கத்துக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரே நிமிஷம்," என்று வெளியே ஓடினான் டெல்மர். மூக்கு மயிர் அந்தக் கணமே விறைத்தது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தான். முக்கால்வாசி நிறைந்திருந்தது. அடிப்பாதி முழுக்கக் கனமாக வெண்பனி பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, விளங்கியதும் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்தால்தான் கேஸ். மைனஸ் நாற்பதிலேயே ஏதோ போனால் போகிறதென்று கொதிக்கும். பெரிய ஹீட்டர் பேராசையோடு இழுக்க இழுக்க, சிலிண்டர் இன்னும் குளிர்ந்து, இனி முடியாது என்று படுத்துவிட்டது. குட்டி ஹீட்டராக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்திருக்கும். கெடுத்தது வீம்பு.

அவன் திரும்பி உள்ளே வந்தபோது வெர்னீஸ் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் தான் பெருமையடித்ததெல்லாம் டெல்மரின் காதில் கேட்டது. அதைவிட, இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் என்ன பேசுவது என்று நினைத்தபோது நெஞ்சு வெறிச்சோடிப் போனது. அவனுக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்லோ தலையை நீட்டினான். "புகைக்குழாய்ல ஒண்ணையும் காணோமேன்னு வந்தேன். படுத்துடுச்சா?"

"படுத்துடுச்சு."

"இதுக்கு ஏண்டா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? சிலிண்டரைத் தூக்கி உள்ள வை. கால் மணி நேரத்துல சும்மா திகுதிகுன்னு எரியும். என்னோடது கட்டில் பக்கத்துலதான் இருக்கு, நான் செத்தா போயிட்டேன்?"

டெல்மர் ஹீட்டரைப் பார்த்தான். வெர்னீஸைப் பார்த்தான். அவள் கோட்டின் கடைசிப் பொத்தானில் விரலை வைத்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வராது," என்றான் டெல்மர்.

"அட, நான் வேணா தூக்கி வரேன்—"

"வராதுன்னா வராது ஆர்லோ. குளிர்ந்த சிலிண்டர் சூட்டுக்கு வந்தா வால்வு எப்படிக் கக்கும்னு யாருக்குத் தெரியும்? இத்துனூண்டு வீடு, உள்ள நெருப்பு, ஒரே ஒரு கதவு. அவ உக்காந்திருக்கிற வீட்டுக்குள்ள அது வராது."

"கல்யாணம் போயிடும்டா மடையா!"

"போனா போகட்டும். அவ உயிரோட போகட்டும்."

சொல்லிவிட்டு அவனுக்கே வெட்கமாக இருந்தது. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து குட்டி ஹீட்டரை இழுத்தான். வெளியே போய் வால்வை மூடிவிட்டு வந்து, பெரியதைக் கழற்றிப் பழையதை மாட்டத் தொடங்கினான். கை பாட்டுக்கு வேலை செய்ய, கண் தரையிலிருந்த மீன் துளையில் நின்றது. துளையிலிருந்து லேசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"வெர்னீஸ்," என்றான் மெதுவாக. "நம்ம காலுக்குக் கீழயே வெந்நீர் இருக்கு."

"மூளை விறைச்சுப்போச்சா?"

"நமக்குத்தான் அது சில்லுன்னு இருக்கும். அந்தச் சிலிண்டருக்கு வெந்நீர்! வெளிய மைனஸ் நாற்பது, இந்தத் தண்ணியோ பூஜ்யத்துல இருக்கு. நாற்பது டிகிரி சூடு அதிகம்!"

தூண்டிலுக்கான குஞ்சு மீன்கள் இருந்த தகரத் தொட்டியைக் கவிழ்த்து, குஞ்சுகளை ஒரு சின்ன வாளிக்கு மாற்றினான். தொட்டியை வெளியே சுவரடியில் வைத்து, சிலிண்டரை அதற்குள் நிமிர்த்தி நிறுத்தினான். இன்னொரு வாளியை எடுக்கத் திரும்பினால், அது ஏற்கெனவே வெர்னீஸ் கையில் இருந்தது. துளையில் மொண்டு, வாசலில் நின்று நீட்டினாள்.

"நீ உக்காரு. கை விறைச்சுடும்."

"ஐயே! கொட்டுற பனியில பஸ் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுறவ நான். தண்ணியைப் பிடிய்யா. ஆர்லோ, கதவை ஆன்னு தொறந்து வெச்சுட்டு வேடிக்கை பார்க்காத, ஒண்ணு உள்ள வா, இல்ல வெளிய போ."

ஆர்லோ உள்ளே வந்தான். அவள் மொள்ள, டெல்மர் ஊற்ற, தொட்டியிலிருந்து அடுப்பில் வைத்த பானைபோல ஆவி கிளம்பியது. "மேல தெறிக்காம ஊத்து, ரெகுலேட்டர்ல பட்டா அடைச்சுக்கும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டெல்மர் அதைத்தான் செய்துகொண்டிருந்தான், ஆனாலும் "சரிம்மா" என்றான். சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே தண்ணீர் நின்றது. அதிலிருந்த வெண்பனி கரைந்து, உலோகம் பளிச்சென்று தெரிந்தது. வால்வைத் திறந்து, உள்ளே வந்து, குழாய் பொருத்திய இடத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தான். வாடை இல்லை. பற்றவைத்தான்.

குட்டி ஹீட்டர் இரண்டு தடவை இருமியது. பிறகு கையகலத்துக்குக் கனன்று, அப்படியே நின்றது. கூடவுமில்லை, குறையவுமில்லை. டெல்மர் அதன் முன்னால் மண்டியிட்டபடி, அது அணையவில்லை என்று நிச்சயமாகும்வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் தொட்டி மொத்தமா உறைஞ்சுபோகும்டா," என்றான் ஆர்லோ. "சிலிண்டர் உள்ள மாட்டிக்கும். ஏப்ரல் வரைக்கும் எடுக்க முடியாது!"

"உறையட்டும். உறையுற வரைக்கும் சூடு குடுத்துக்கிட்டே இருக்கும்." டெல்மர் எழுந்து வெர்னீஸைப் பார்த்தான். சுவரிலிருந்த வெப்பமானி இன்னும் பரிதாபமாகத்தான் காட்டியது. வாயைத் திறந்தால் புகை வந்தது. "ஒரு மணி நேரம் பொறுத்துக்கோ. மீனைப் பொரிக்கிறேன். வீடு சூடாகட்டும். ஆகலைன்னா, நான் தோத்ததுதான். நியாயம் நியாயம்தான்."

வெர்னீஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. குனிந்து வலது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து உருவினாள். பிறகு இடது. இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு, சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையோடு பாதங்களை நீட்டினாள்.

"அட, அவசரப்படாத! இன்னும் சூடே ஆகலையே!" என்று பதறினான் டெல்மர்.

"லைல் சிலிண்டரை உள்ளதான் வைப்பான்," என்றாள் அவள். "என் காலுக்குப் பக்கத்துல. எத்தனை வருஷம் சொல்லிப் பார்த்தேன், சிரிப்பான். வீடு நல்லா சூடாத்தான் இருக்கும் டெல்மர். அவன் வேர்க்க வேர்க்க மீன் பிடிப்பான். நான்தான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அந்தக் குழாயையே பார்த்துட்டு உக்காந்திருப்பேன். ஏதாவதுன்னா கதவைத் தொறந்துக்கிட்டு ஓடணுமே. அதனால ஒருநாள்கூட நான் பூட்ஸைக் கழட்டினதில்ல."

ஆர்லோ தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான். "என் வீட்டுல ஒரு வேலை இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தான். சிறிது நேரத்தில் அந்தப் பக்கமிருந்து சிலிண்டரை வாசற்படியில் தடதடவென்று இழுத்து இறக்குகிற சத்தம் கேட்டது.

டெல்மர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அவள் பாதங்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவை பனிக்கட்டி மாதிரி இருந்தன.

"குளிருதா?"

"குளிராம? வாயை மூடிக்கிட்டு நல்லா தேய்ச்சு விடு. அப்புறம் மீனைப் போடு, பசிக்குது."