தனியாக மீண்டவன்

ரூபேந்திரனுக்கு முதல் ஹெராயின் ஊசியைப் போட்டது அவன் அண்ணன் குணாளன்தான். மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்து வீட்டின் பின்னறையில் தம்பி கையை நீட்டினான். அண்ணன் நரம்பைத் தேடிக் குத்தினான். அப்போது தம்பிக்கு இருபத்து நான்கு வயது. அதன்பின் ஆறு வருடங்கள் இருவருக்கும் ஒரே ஊசி.

குணாளன் மீண்டுவிட்டான். அரசாங்கக் கிளினிக்கில் தினமும் மெத்தடோன் மருந்து குடித்து ஹெராயினை விட்டான். ரத்தத்தில், ஊசி வழியாக வந்து ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருந்தது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு அதையும் ஒழித்தான். செனாய் ஊரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததும் அங்கேயே அறை எடுத்துக்கொண்டான். தம்பியைக் கூப்பிடவில்லை. அவன் பக்கத்தில் இருந்தால் தானும் மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். அவன் போன் செய்தாலும் எடுப்பதில்லை.

செனாய்க்கு வந்த மூன்றாம் வருடம், வேலை நேரத்தில் அம்மா செல்வராணி கூப்பிட்டாள்.

"தம்பிக்குக் காலு பயங்கரமா வீங்கிருச்சுய்யா. நாலு நாளா காய்ச்சல். கட்டின்னு சொன்னான், நானும் மஞ்ச அரைச்சுப் போட்டேன். இப்ப நாத்தம் அடிக்குது."

கைநரம்புகள் இறுகிப்போனதால் ரூபேந்திரன் தொடை இடுக்கில் குத்திக்கொண்டிருந்தான். அங்கே சீழ் பிடித்து, ரத்தம் உறைந்து, கால் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயந்து யாரிடமும் காட்டவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டாக்டர்கள் தொடையோடு காலை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள், ரூபேந்திரன் கட்டிலருகே நின்ற அண்ணனைப் பார்த்தான்.

"எதுக்கு வந்தே?"

"டேய், நான்..."

"மருந்து இருக்குன்னு ஒனக்குத் தெரியும்ல? கிளினிக் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல. போகும்போது கூட்டிட்டுப் போனே. திரும்பும்போது மட்டும் தனியா வந்துட்டே."

"பயமா இருந்துச்சுடா."

ரூபேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வார்டிலேயே அவனுக்கு மெத்தடோன் தொடங்கினார்கள். வீடு திரும்பியதும், குணாளன் மாலை ஷிப்டுக்கு மாறி, தினமும் காலையில் காரில் வந்து அவனைக் கிளினிக்குக் கூட்டிப்போனான். தாதியின் முன்னால் ரூபேந்திரன் மருந்தைக் குடிப்பான். வழியில் ஒரு சொல்கூடப் பேசமாட்டான்.

ஐந்தாவது மாதம், வீட்டு வாசலில் ஊன்றுகோலை வெளியே வைத்துக் காரிலிருந்து இறங்கும்போது பேசினான்.

"நாளையிலேருந்து வராதேண்ணே. கோவத்துல சொல்லல. ஒன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு அந்த ஞாபகம் வந்துருது. அப்புறம் நாள் முழுக்க ஊசி நெனப்பாவே இருக்கு. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அவன் வீட்டுக் கதவைச் சாத்தும்வரை குணாளன் வண்டியை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். ரூபேந்திரன் ஒருநாள் தவறாமல் கிளினிக்குப் போகிறான். அவனுக்கும் இருந்த அந்தக் கிருமிக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறான். பக்கத்துக் கடையில் போன் ரிப்பேர் கற்றுக்கொள்கிறான்.

"தீபாவளிக்கு வரட்டுமாம்மா?" என்று கேட்டான் குணாளன்.



"இந்த வருசம் வேணாம்யா" என்றாள் அம்மா.