போதும் என்றால் போதும்

மருமகளைப் பற்றி நான் பெருமையாகப் பேச ஆரம்பித்தால், கேட்பவர்கள் என் முகத்தையே பார்ப்பார்கள். எப்போது ஒரு "ஆனால்" வரும் என்று காத்திருப்பார்கள். வராது. கேட்க முடிந்தால் உட்காருங்கள், இல்லாவிட்டால் போய் உங்கள் வேலையைப் பாருங்கள்.

என் மருமகள் கிரேன் ஓட்டுகிறாள். தெருவில் உருண்டு போகிற வண்டி இல்லை. பெரிய கட்டடம் எழும்பும்போது பக்கத்தில் அதைவிட உயரமாக ஒன்று நிற்குமே, அது. ஏணி ஏறிப் போய் உச்சியில் இருக்கிற கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கிறவர்களின் தலைக்கு மேலே இரும்புத் தூண்களை நகர்த்துகிறாள். அவளைக் கட்டிய என் மகனோ செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே கால் நடுங்கும்.

போன வருஷம் கம்பெனியில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. இவளுக்குச் சர்க்கரை. கொஞ்ச நஞ்சம் இல்லை, ரத்தம் எடுத்த பெண்ணே நம்பாமல் இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாளாம். கம்பெனி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கீழே இருக்கட்டும், சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மேலே போகலாம், வராவிட்டால் கிரேனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஸ்டோர் ரூமில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு வந்தது. அவள் இடத்தில் இன்னொரு ஆபரேட்டர் ஏறினார். உடம்பைப் பார்த்து எல்லோரும் அவரை மலை என்றுதான் கூப்பிடுவார்கள். இனிமேல் அந்த சீட்டு தனக்குத்தான் என்று அவர் கேன்டீனில் பேசிக்கொண்டிருந்தது இவள் காதுக்கும் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏழு வருஷம் ஏறி இறங்கியிருக்கேன் அத்தை. ஒரு துளி ரத்தம் என்னைக் கீழ உட்கார வச்சிடுச்சு" என்றாள்.

ஒருத்திக்குச் சர்க்கரை என்றால் போதும், சுற்றி இருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். மாடி வீட்டுக்காரி நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடச் சொன்னாள். என் தங்கை ஏதோ கசப்பு இலையின் சாற்றை பாட்டிலில் கொண்டு வந்தாள். முதலில் நீ ஒரு வாய் குடி என்றேன், அதோடு அந்தப் பேச்சை விட்டாள். எல்லோரையும்விட மோசம் என் மகன்தான். செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, அரிசி, ரொட்டி, கிழங்கு, பழம் எல்லாவற்றுக்கும் தடை போட்டான். டப்பாக்களைத் தூக்கி அலமாரிக்கு மேலே ஏற்றினான், அதுவும் ஸ்டூல் இல்லாமல். பயத்தில் செய்தான், பாவம். அவளும் தலையை ஆட்டினாள். சீக்கிரம் மேலே போகவேண்டும் என்ற அவசரம் அவளுக்கு.

அந்த வாரமே ஸ்டோர் ரூமில் அவளுக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அந்த மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் வெட்டினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பது எங்களுக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. வேலையிடம் முழுக்கச் செய்தி பரவியது. நல்லவேளை கீழே இருந்தாள், மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் மலை கேட்டாராம். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

வீட்டுக்கு வந்து என் மகனை எதிரில் உட்கார வைத்தாள். சத்தம் போடவில்லை. "உங்க அக்கறை புரியுது. ஆனா சாப்பிடப்போறது நான், ஏறப்போறதும் நான். எப்படிச் சாப்பிடறதுன்னு இனிமே நான்தான் முடிவு பண்ணுவேன்" என்றாள். என் மகன் உதவிக்கு என்னைப் பார்த்தான். நான் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சமைக்கிறது நான் அல்லவா. அந்த அம்மா அவசரமே இல்லாமல் பேசினார். மாவுச்சத்தை நன்றாகக் குறைப்பது ஒரு வழி, சாப்பிடுகிற நேரத்தைச் சுருக்குவது ஒரு வழி, தட்டைப் பங்கு பிரித்துச் சாப்பிடுவது ஒரு வழி. எதுவும் தப்பில்லை. எதை எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லி அதற்குத் தகுந்த மாதிரி மாத்திரையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்கில் விடாமல் எதைச் செய்ய முடியுமோ அதுதான் உங்களுக்கு ஏற்ற வழி என்றார்.

மருமகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள். காலையில் ஏறினால் மத்தியானம்தான் இறங்குவேன், அங்கே தனியாக இருக்கிறவளுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டாள். பட்டினி கிடக்கிற வழியை அவளே தள்ளிவிட்டாள். சோற்றை மொத்தமாக விடுவதும் தன்னால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகாது என்று ஒளிக்காமல் சொன்னாள். கடைசியில் தட்டு வழியை எடுத்தாள். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு முட்டையோ மீனோ பயறோ, மிச்சம் கால் தட்டு சோறு. எல்லாம் நேரத்துக்கு. தலை சுற்றினால் போட்டுக்கொள்ள சட்டைப் பையில் மிட்டாய். இவ்வளவுதானா என்று என் மகன் கேட்டான். ஒன்றையும் ஒரேயடியாக நிறுத்தாததால் அவனுக்கு அது வைத்தியமாகவே தெரியவில்லை.

அவனை விடுங்கள், வம்பு என் கையில் இருந்தது. நான் பரிமாறுகிற ஆள். யாராவது போதும் என்றால், இன்னும் ஒரு கரண்டி போடு என்றுதான் என் காதில் விழும். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். அவள் போதும் என்றாள், நான் வழக்கம்போல ஒரு கரண்டி சோற்றைக் கவிழ்த்தேன். அவள் அதைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. ஒதுக்கி வைக்கிற அளவுக்கு என் சமையல் ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டேன்.

"அத்தை, எங்க வேலையில சிக்னல் காட்டன்னு கீழ ஒருத்தர் இருப்பாரு. தூக்கு, இறக்கு எல்லாம் அவர் சொன்னாத்தான் செய்வேன். ஆனா நிறுத்துன்னு யார் கை காட்டினாலும் நிறுத்திடணும். பெருக்கற ஆள் காட்டினாலும் சரி. ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம். முதல்லயே கேட்டுக்கிட்டிருந்தா ஒரு உயிர் போயிடும்." தட்டை முன்னால் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் போதும்னு சொல்றதும் அதுதான் அத்தை."

கரண்டியைக் கீழே வைத்தேன். சோற்றில் காட்டிய தாராளத்தைக் காய்கறிப் பக்கம் திருப்பினேன். பீன்ஸையும் கோஸையும் அதற்கு முன்னால் நான் மதித்ததே கிடையாது. இப்போது அதில் என் கைவரிசையைக் காட்டினேன். கொஞ்ச நாளில் என் மகனே எனக்கும் கோஸ் கொஞ்சம் சேர்த்து வைம்மா என்று தட்டை நீட்டினான். அவளும் ஒன்றும் மெஷின் இல்லை. ஒரு நாள் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு வந்து, சர்க்கரை பார்க்கிற மீட்டரில் பார்த்து முகம் சுண்டிப்போனாள். அழவில்லை, அடுத்த வேளையைப் பட்டினியும் போடவில்லை. அடுத்த வேளைக்கு அதே தட்டு, அதே பங்கு. அவளுடைய அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது.

மூன்று மாதம் முடிந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஒழிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே, இப்படியே போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுபடி ஏறுகிற முதல் நாள், பரபரப்பில் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசல் காவலாளி என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, தகரக் கொட்டகையில் உட்கார வைத்தார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி ஆடாமல் அசையாமல் மேலே போய், மொட்டைமாடியில் பதமாக உட்கார்ந்தது. அதைத் தூக்கி வைத்தது என் வீட்டுப் பெண். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, கழுத்து வலித்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

மத்தியானம் இறங்கி வந்து டப்பாவைத் திறந்தாள். அப்போது மலை தன் டப்பாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவருக்கு இப்போது பக்கத்துக் கட்டடத்தின் கிரேனைக் கொடுத்திருந்தார்கள். குத்தலாக ஏதாவது சொல்வார், திருப்பிக் கொடுக்கலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் தன் டப்பாவைத் திறந்தார். மூடி வரைக்கும் சோறு. அவளுடையதைப் பார்த்தார், தன்னுடையதைப் பார்த்தார், கை வைக்கவில்லை.

"எனக்கும் இருக்கும்மா" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "ரெண்டு வருஷமா. இங்க யாருக்கும் தெரியாது. பரிசோதனை அன்னைக்கு லீவு போட்டுட்டேன். உன்னை இறக்கினதும் எனக்கும் இதே கதிதான்னு நினைச்சேன். நீ திரும்ப ஏறுவேன்னு நினைக்கலை."

மூன்று மாதம் அவர் பேசின பேச்சுக்கு எனக்குக் கொட்டித் தீர்க்க நிறைய இருந்தது. மருமகள் எதையும் கிளறவில்லை.

"இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க அண்ணே. நானும் கூட வரேன்."

"இறக்கிடுவாங்களே."

"இறக்குவாங்க. மறுபடி ஏறலாம்."

அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தாள். மலை டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று அவளிடமே கேட்டார்.

இவள் என் மருமகள் என்று அந்தக் கொட்டகையில் இருந்த ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டுத்தான் நான் வீட்டுக்குத் திரும்பினேன்.