ஆளுக்குப் பாதி வண்டி

"தலையை ஆட்டாதடா."

"நான் எங்க ஆட்டறேன்? நீ குத்துற குத்துல அதுவே ஆடுதுக்கா."

மூன்று பேரில் நடுவில் பிறந்தவள் ஊசியை நிறுத்தினாள். தம்பியின் புருவம் பிளந்து இன்னொரு வாய் போலத் திறந்திருந்தது. சமையலறை மேசைமேல் பழைய துண்டு, துண்டின்மேல் அவன் தலை, தலைமாட்டில் கிண்ணம் நிறையச் சிவப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு அண்ணன் நின்றான். விரலைச் சுற்றிப் பல் பதிந்த தடம்.

"கடிச்சிருக்கான் பாரு. நாய்."

"வாயில கொண்டாந்து திணிச்சா கடிக்காம? முத்தமா குடுப்பாங்க?"

"வாயைக் கிழிக்கத்தாண்டா விட்டேன்."

"இனி எவன் பேசினாலும் அவன் உதட்டையும் சேத்துத் தச்சிருவேன்," என்றாள் அவள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். செய்யக்கூடியவள்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவள் நர்ஸ். வெட்டு, குத்து, உடைந்த பாட்டில் எல்லாம் பார்த்த கை. ஆனால் அந்தக் கை அதிகம் தைத்தது கூடப்பிறந்த இந்த இரண்டு உடம்புகளைத்தான். அண்ணனுக்கு இறைச்சிக் கடை. பொழுது விடிந்தால் எலும்பு வெட்டு. தம்பி டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு பொறுமையாக இருப்பவனுக்கு, வீடு வரும்போது பொறுமை ஒரு சொட்டும் மிஞ்சியிருக்காது. சின்ன வயதில் இரண்டு பேரும் பென்சிலுக்கு அடித்துக்கொண்டார்கள். அப்புறம் உடம்பு மட்டும்தான் வளர்ந்தது.

போன வருஷம் தம்பிக்கு விலா எலும்பு முறிந்தபோது, "மாடிப்படியில விழுந்துட்டான்" என்று அவள்தான் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் விலாவில் இருந்த நான்கு விரல்முட்டித் தடங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் அந்தக் காரால் வந்த வினை. இரண்டே சீட், மேலே கூரை கிடையாது, நீண்ட மூக்கு, ரத்தச் சிவப்பு. மூன்று பேரையும்விட வயதில் மூத்தது. தாய்மாமன் சாகும்போது, "வண்டி உங்க ரெண்டு பேருக்கும்டா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டுக் கண்ணை மூடினார். எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்லவில்லை, மகராசன். இவர்கள் மனையைப் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டார்கள். ஷெட்டின் தரையில் நட்டநடுவே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. வலது பாதி பெரியவனுக்கு, இடது பாதி சின்னவனுக்கு. அவனவன் பக்கத்துக்கு அவனவன் ஸ்பேனர். என்ஜினில் இரண்டு கார்பரேட்டர். முன்னால் இருப்பது பெரியவனுக்கு, பின்னால் இருப்பது சின்னவனுக்கு. ஒருவன் நட்டை இன்னொருவன் தொட்டால் கை இருக்காது.

இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு மூச்சு இழுத்தால்தான் அந்த என்ஜின் ஒழுங்காக ஓடும். இவர்கள் தனித்தனியாகத் திருகினால் வண்டி வலிப்பு வந்ததுபோல உதறும். கடைசியில் அவள்தான் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்துச் சீறலைக் கேட்டுச் சொல்வாள்.

"என்னுது எப்படி இருக்கு பாப்பா?"

"உன்னுது மூக்கடைச்சுக் கிடக்கு. ஒரு கால் திருகு திற. டேய் சின்னவனே, உன்னுது மூச்சு வாங்குது. மூடு."

அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் இரண்டு முரடன்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார்கள்.

வண்டி படுத்தாத பாடு இல்லை. ஆயில் ஒழுகும். ஹாரன் அடித்தால் விளக்கு அணையும். பெட்ரோல் பம்ப் நடுரோட்டில் நின்றுவிடும். சீட்டுக்குப் பின்னால் செருப்பால் இரண்டு சாத்து சாத்தினால் ஓடும். "எனக்கு ஒரு சக்களத்தி வந்திருந்தாக்கூட இவ்வளவு எண்ணெய் குடிக்க மாட்டா," என்பாள் அண்ணி. ஆனால் நல்ல நாளில், என்ஜின் சூடேறி, வளைவில் வண்டி தரையோடு தரையாகப் படுத்துத் திரும்பி, காற்று கண்ணில் நீரை வரவழைக்கும்போது, ஓட்டுகிறவன் வாய்விட்டுச் சிரிப்பான். அண்ணனுக்கும் தம்பிக்கும் அது அச்சு அசல் ஒரே சிரிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து அந்த வண்டியில் உட்கார்ந்ததே இல்லை என்பதால் அது அவர்களுக்குத் தெரியாது. மாறி மாறிப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த அவளுக்குத் தெரியும். அந்தச் சிரிப்புக்காகவே அவளால் காரை வெறுக்க முடியவில்லை.

"சரி, இன்னைக்கு எதுக்குடா?" என்று கடைசி முடிச்சைப் போட்டபடி கேட்டாள்.

"ஹப்புக்கு."

பின்சக்கரங்கள் மாட்டும் ஹப் இரண்டையும் முலாம் பூசக் கொடுத்திருந்தார்கள். பட்டறைக்காரன், ஒவ்வொரு ஹப்பிலும் அதன் பெரிய நட்டைத் திருகி, இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டான். சாக்கைக் கொட்டினால் ஒன்று கண்ணாடி மாதிரி மின்னுகிறது, இன்னொன்று கொஞ்சம் மங்கல். இரண்டு பேரும் மின்னுகிறதன்மேல் பாய்ந்துவிட்டார்கள்.

"நல்லதை அவன் அமுக்கிட்டான்," என்றான் தம்பி.

"மொதல்ல கை வெச்சவன் நான்."

"என் மூஞ்சி மேல வெச்சுட்டுத்தானே ஹப்பு மேல வெச்ச?"

அவள் ஊசியைக் கிண்ணத்தில் போட்டாள். "கேட்டுக்கோங்க. இன்னொரு தடவை இப்படி நடந்தா ஒருத்தன் பாடையில போவான், ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான். நான் யாரைப் பாக்க எங்க ஓடறது?"

அண்ணன் குழாயை மூடினான். தம்பி கூரையைப் பார்த்தான்.

மறுநாள் அவனவன் தனக்குச் சிக்கிய ஹப்பைத் தன் பக்கத்தில் மாட்டினான். அண்ணன் மதியம் கடை மூடிவிட்டு வந்து, தம்பி சாயங்காலம் வந்து. ஒருவன் வேலையை ஒருவன் எட்டிப்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வெளியே எடுத்தார்கள். முதல் ஓட்டம் அண்ணனுக்கு, பக்கத்தில் அவள். தம்பி, தலைமேல் பலகை மாட்டிய டிரைவிங் ஸ்கூல் காரில் பின்னாலேயே வந்தான்.

ஊரைத் தாண்டி, கிடங்குகளின் நீண்ட சுவரை ஒட்டிய சாலை. ஒரு ஈ காக்கை இல்லை. அண்ணன் மிதித்தான். வண்டி ஒரு உறுமல் உறுமிப் பாய்ந்தது. அவள் தலைமுடி அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அண்ணன் சிரித்தான், அந்தச் சிரிப்பு. "எப்படி பாப்பா? ரெண்டு கார்பரேட்டரும் பாடுது பாரு!"

"அண்ணே, அது என்ன டக்கு டக்குனு?"

"எங்க?"

"என் பக்கம். பின்னாடி."

அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டான். "அது அவன் பக்கம்."

"நிறுத்திப் பாரேன்."

"அவன் பக்கத்துச் சத்தத்துக்கு நான் எதுக்கு நிறுத்தணும்? அவன் வந்து பாத்துக்கட்டும்."

"அண்ணே, சத்தம் பெருசாகுது!"

"இன்னும் பெருசாகட்டும். வீட்ல போய் அவன் காதைத் திருகறேன்."

அடுத்த வளைவில் ஒரு சக்கரம் அவர்களை முந்திக்கொண்டு போனது. அவள் அதைப் பார்த்து, யாருடைய சக்கரம் இது என்று நினைத்து முடிப்பதற்குள் வண்டியின் பின்பக்கம் தரையில் விழுந்தது. தீப்பொறி பறந்தது. இரும்பு தார் ரோட்டை உழுதது. வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மூக்கைச் சுவரில் கொண்டுபோய் இடித்தது.

அவள் கண்ணைத் திறந்தபோது வாயில் ரத்தம். முழங்கால் வலியில் தெறித்தது. கண்ணாடிச் சட்டத்தில் மோதி அண்ணனின் நெற்றி பிளந்து முகமே தெரியவில்லை. ஆனால் அவன் எழுந்துவிட்டான். சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு, சக்கர நட்டு அடிக்கிற செம்புத் தலைச் சுத்தியலை எடுத்தான்.

தம்பி காரை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். அக்கா உட்கார்ந்திருக்கிறாள், அண்ணன் நிற்கிறான், சக்கரம் மட்டும் தன்பாட்டுக்கு உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. பயம் விட்டுப்போன வேகத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியாடா?" என்றான் அண்ணன்.

"இல்லண்ணே, சக்கரம்..."

"உன் பக்கச் சக்கரம்! உன் பக்கம்! நட்டை லூசா விட்டு எங்களக் கொல்லப் பாத்தியா? இவளும் இருக்கான்னு தெரிஞ்சே!"

முதல் அடிக்குத் தம்பி குனிந்து தப்பினான். அது டிரைவிங் ஸ்கூல் காரின் விளக்கை நொறுக்கியது. தம்பி தலையால் அண்ணன் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் ரோட்டில் உருண்டார்கள். தம்பி விரலால் அண்ணனின் நெற்றிக் காயத்தைக் கிழித்தான். அண்ணன் பெருங்குரலெடுத்து அலறினான், அவனைப் புரட்டிப் போட்டு, தலைக்குக் குறிவைத்து ஓங்கினான். தம்பி வலது கையைக் குறுக்கே கொடுத்தான்.

எலும்பு ஒடியும் சத்தத்தை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள். வார்டுக்கு வரும்போது எல்லாம் ஏற்கெனவே ஒடிந்துதான் வரும்.

நொண்டிக்கொண்டே போய்த் தம்பியின்மேல் விழுந்து மூடினாள்.

"விலகு பாப்பா."

"மாட்டேன். என் தலையில போடு."

"விலகுடி! இவனை இன்னைக்கு முடிச்சிட்டுத்தான் மறுவேலை."

"நான் இறுக்கினேன்க்கா," அவளுக்கு அடியிலிருந்து தம்பி முனகினான். "இறுகற வரைக்கும் அடிச்சேன். சத்தியமா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "எந்தப் பக்கம் பாத்து அடிச்ச?"

"என்ன?"

"நட்டை முன்னாடி பாத்து அடிச்சியா, பின்னாடி பாத்து அடிச்சியா?"

"முன்னாடிதான். அப்படித்தான் இறுகுச்சு."

அந்த வண்டியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில், சுத்தியலால் அடித்துத் திருப்ப இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. எந்தப் பக்கச் சக்கரமாக இருந்தாலும் நட்டின் மேல்காதை வண்டியின் பின்புறம் பார்த்து அடித்தால் இறுகும், முன்புறம் பார்த்து அடித்தால் கழலும். அதற்காகவே இடது ஹப்புக்கு ஒரு திசையில் சுற்றும் திருகுமரை, வலது ஹப்புக்கு எதிர்த் திசையில் சுற்றும் மரை. சரியான பக்கத்தில் இருந்தால் ஓட ஓட இறுகிக்கொண்டே போகும். பக்கம் மாறினால் ஓட ஓடக் கழன்றுகொண்டே வரும். மாமா மூன்று பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"நீ எந்தப் பக்கம் அடிச்ச?" என்று அண்ணனைக் கேட்டாள்.

அவன் தன் பக்கத்துப் பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

அவள் எழுந்து வலது பின்சக்கரத்துக்குப் போய் மண்டியிட்டாள். சுத்தியலால் அடித்தாலே அசையாத நட்டு. இரண்டு விரலால் தொட்டுத் திருப்பினாள். புட்டி மூடி மாதிரி சுழன்றது.

"வந்து பாரு. இது உன் பக்கம்தானே? இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா இதுவும் கழண்டிருக்கும். மின்னுதுன்னு அவனோட இடது ஹப்பை நீ புடுங்கிட்ட. மிச்சம் கெடந்த உன்னோட வலது ஹப்பை அவன் மாட்டிட்டான். ஒருத்தன் ஒரே ஒரு தடவை அடுத்த பக்கம் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அண்ணன் நட்டைப் பார்த்தான். தம்பியின் கை வளையக்கூடாத இடத்தில் வளைந்து கிடப்பதைப் பார்த்தான். சுத்தியலை ரோட்டில் போட்டுவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இடது கையை விரித்துத் தார்மேல் வைத்தான்.

"அடிடா. நானும் வாங்கிக்கறேன். சரியாப் போயிரும்."

தம்பி அடிக்க மாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நல்ல கையால் சுத்தியலை எடுத்து ஓங்கிப் போட்டான். இரண்டு விரல்கள் நசுங்கின. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான், கணக்குச் சரி என்பதுபோல.

அவள் ஒற்றை விளக்கு டிரைவிங் ஸ்கூல் காரில் இருவரையும் பின்சீட்டில் அடைத்து, தானே ஓட்டினாள்.

"கண்ணாடியைப் பாத்துத் திருப்புக்கா," என்றான் தம்பி, வலியில் அழுதுகொண்டே.

"மூடிட்டு வா."

அவசரப் பிரிவில் இருந்தது அதே டாக்டர். "என்ன ஆச்சு சிஸ்டர்?"

"கார் ஆக்ஸிடென்ட் டாக்டர்," என்றான் அண்ணன். "சக்கரம் கழண்டு சுவத்துல இடிச்சுட்டோம்."

"ஆமா டாக்டர்," என்றான் தம்பி. "நான் அண்ணன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"நெத்திக் காயம் மட்டும்தான் ஆக்ஸிடென்ட்," என்றாள் அவள். "இவன் கையை அவன் ஒடிச்சான். சுத்தியலால. அவன் விரலை இவன் நசுக்கினான். அதே சுத்தியல். போன வருஷம் மாடிப்படின்னு நான் சொன்னதும் பொய் டாக்டர். போலீஸுக்குச் சொல்லி அனுப்புங்க."

"பாப்பா!"

"அக்கா! என்னக்கா நீ?"

"சிஸ்டர், ஒரு தடவை யோசிச்சுக்கிட்டு..."

"யோசிச்சுட்டேன் டாக்டர். தலைக்குத்தான் ஓங்கினான். கை குறுக்க வந்துச்சு, பொழைச்சான்."

போலீஸ்காரர் வந்தபோது இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டு, நடுவில் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பேச்சுக் கேட்டது.

"ஆக்ஸில் வளைஞ்சிருக்கும்டா."

"டக்கு டக்குனு கேட்டப்பவே நிறுத்தியிருந்தா எதுக்கு வளையுது? சத்தம் வந்தப்ப காது எங்க போச்சு?"

"யாருக்குடா காது கேக்கல?"

"உனக்குத்தான். எருமை."

கட்டில் கிரீச்சிட்டது. திரை அசைந்தது.

போலீஸ்காரர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதுல உங்களுக்கு யார் மேலம்மா புகார்?"

"ரெண்டு பேர் மேலயும்," என்றாள் அவள். "கட்டிலை மொதல்ல வேற வேற ரூமுக்குத் தள்ளுங்க. அப்புறமா எழுதிக்கலாம்."