அரை கோல் விழுந்த மைதானம்

அய்யனார் கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கையை நீட்டிச் சத்தியம் செய்கிறேன். கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக் காலை என் முழங்கால் வலிக்கட்டும். இப்போது வலித்துக்கொண்டிருப்பது வேறு வலி.

ராஜபாளையத்தில் எங்கள் சூரியகாந்தி கால்பந்துக் கழகத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கழகத்துக்கும் வருடா வருடம் நடக்கும் போட்டிக்கு இது பொன்விழா. யார் மைதானத்தில் ஆடுவது என்று சண்டை. எந்தக் கழகத்திடம் தன் மைதானத்தின் பழைய படம் இருக்கிறதோ, இருப்பதிலேயே பழையது, அங்கே ஆட்டம் என்று முடிவானது. அதோடு விட்டிருக்கலாம். எங்கள் செயலாளர் காமராஜ், மிலிட்டரியில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர், பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் பார்க்க, "ஆட்டம் அங்க போச்சுன்னா என் மீசைய எடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மீசையின் இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழம் நிற்கும். நானே வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் செயலாளர் நவநீதகிருஷ்ணன் மறுவாரமே 1975ஆம் வருடத்துப் படம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். மைதானம், கோல் போஸ்ட், பின்னால் கோபுரம். கோபுரமே வந்து சாட்சி சொன்னால் யார் மறுப்பது? எங்களிடம் ஒரு படமும் இல்லை. காமராஜ் கண்ணாடி முன் நின்று மீசையைக் கையால் மூடி மூடிப் பார்க்கத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, உங்க பீரோவுல ஏதாச்சும் கெடக்குமா?" என்றார். குரல் மெலிந்திருந்தது.

"ஒரு பத்து நாள் குடு. தேடுதேன்."

எட்டே நாளில் கிடைத்தது. பின்புறம் 'தை 1974' என்று மையில் எழுதியிருந்தது.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஞானபாக்கியம் டீச்சர். விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது ராஜபாளையம், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். இரண்டு ஊருமே அவரைச் சந்தேகப்பட்டதால் நடுவராக்கினோம். அவர் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். படத்தை வலது மூலையில் கட்டைவிரலை அழுத்தி நீட்டினேன். பழைய படங்களை அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "ஒரு கோல் போஸ்ட் தெரியுது. மத்தபடி தரையெல்லாம் ஒரே வெள்ளை. டீ வாசம் வேற வருது."

"எடுத்தவரு சிவனாண்டி. டீ குடிச்சுக்கிட்டேதான் எடுப்பாரு, டீச்சர்."

"இது என்ன வே, காஷ்மீரா?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"காஷ்மீர்ல நான் பதினோரு வருசம் இருந்தேன். இம்புட்டு வெள்ளை அங்கயே கெடையாது" என்றார் காமராஜ். மீசையைக் காப்பாற்ற வந்தவர் பேசுகிற பேச்சா இது? அவர் காலை மிதித்துவிட்டு நான் நடந்ததைச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணியை எங்கள் மைதானம் முழுக்க விரித்துத்தான் காயப்போடுவார்கள். போட்டியன்று காலையில் தூறல். சாயங்காலம் ஆகியும் துணி காயவில்லை. துணிக்குச் சொந்தக்காரி பாலம்மாள், "ஈரத்தோட சுருட்ட மாட்டேன். வேணும்னா மேல ஆடிக்கோங்கலே" என்று சொல்லிவிட்டாள். ஆடினோம். மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கியது. ஓடுகிறவன் காலில் துணி சுற்ற, அவன் சுழல, சுழலச் சுழல இன்னும் சுற்றியது. எங்கள் கோல்கீப்பர் பால்பாண்டி கழுத்து வரை சுற்றிக்கொண்டு தூண் மாதிரி நின்றான், ஏழு பந்தைத் தடுத்தான், ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பந்துக்கும் துணி சுற்றியது. தேங்காய் பூசணிக்காயாயிற்று, பூசணிக்காய் அண்டாவாயிற்று. கடைசி நிமிடத்தில் நான் உதைத்தது கோல் போஸ்ட்டுக்குள் பாதி போய்ச் சிக்கிக்கொண்டது. சேத்தூரிலிருந்து வந்திருந்த ரெபரி நியாயஸ்தர். டேப் வைத்து அளந்து, "அரை கோல்" என்று விசில் அடித்தார். அரைக்குப் பூஜ்யம், ஜெயித்தோம்.

வீட்டுக்குப் போக ரோட்டுக்கு வந்தோம். கட்டுப் போட்ட இருபத்திரண்டு பேர் நடந்து வருவதைப் பார்த்த டவுன் பஸ் டிரைவர், பயணிகளை இறக்கிவிட்டு எங்களை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நர்ஸ் பிரிஸ்கில்லா ஒவ்வொருவராக அவிழ்த்து, "எங்கய்யா அடிபட்டிருக்கு?" என்று கேட்டு முடிப்பதற்குள் பாலம்மாள் வந்துவிட்டாள். முழம் போட்டாள். மூன்று முழம் குறைந்தது. பால்பாண்டி இன்றைக்கும் அவள் தெரு வழியாகப் போவதில்லை.

நவநீதகிருஷ்ணன் எழுந்துவிட்டார். "டீச்சர், அம்புட்டும் புளுகு! படத்தை எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க."

"விரல் ரேகை படும்" என்றேன்.

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். காமராஜ் மூச்சு விடவில்லை. மீசை மட்டும் ஆடியது.

"நவநீதம், உக்காருங்க. பொய் சொல்ல வந்த மனுசன் ஒரு கோலுன்னு சொல்லிருப்பாரு, மூணு கோலுன்னு சொல்லிருப்பாரு. அரை கோலுன்னு யாராச்சும் சொல்லுவாவளா? நடந்திருக்கு. ஆட்டம் ராஜபாளையத்துல."

காமராஜ் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்போதும் நான் படத்தை விடவில்லை.

இப்போது அந்தப் படம் கண்ணாடி போட்டு, மாலை சாத்தி, கழக அறையில் தொங்குகிறது. மேலே வலது மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறோம். காய்ந்து உதிர்வதற்குள் தினமும் காலையில் நானே போய்ப் புதிதாக வைத்துவிட்டு வருகிறேன். வேறு யாரையும் தொட விடுவதில்லை. பக்தி என்கிறார்கள்.

சந்தனத்துக்கு அடியில் இருப்பது செல்போன் டவர்.