இத்தாவில் தீர்ந்த மாத்திரை

என் கணவர் இஷாக் மவுத்தான அன்று என்னிடம் இருபத்திரண்டு மாத்திரைகள் இருந்தன. இத்தா முடிய நூற்று முப்பது நாள். ஜனாஸாவைத் தூக்கும்போது எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். என் அழுகையில் பாதி அந்த இருபத்திரண்டுக்காகத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புருஷன் இறந்தால் எங்கள் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பார்கள். வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டார்கள். அதுதான் இத்தா. திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறை. உள் அறையை எனக்கு விட்டுவிட்டு, மாமியார் அஜீஸுன்னிசாவும் நாத்தனார் மஹ்ஜபீனும் கொழுந்தன் ஃபயாஸும் முன் அறையில் முடங்கிக்கொண்டார்கள். நடுவில் ஒரு திரை. என் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிச்சமில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஐந்து வருடம் ஆகிறது. அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது. எப்படி, எங்கே என்று ஒரு வருடம் சண்டை போட்டேன், பிறகு அலுத்துவிட்டது. மருந்து திண்டுக்கல்லிலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அந்த வரிசையில் நின்றால் தெருக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மதுரையில் போய்ப் பதிவு செய்தோம். துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மாதாமாதம் பஸ் ஏறுவோம். சொன்னதற்காக எதையாவது எடுத்துத்தானே ஆகவேண்டும்? என் பீரோவில் தைக்காத சுடிதார் துணி மட்டும் முப்பதுக்கு மேல் கிடக்கிறது. மாமி என்னைத் துணிப் பைத்தியம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மருந்து கொடுக்கும் இடத்தில் ஆலோசகராக இருக்கும் கௌசல்யாவின் நம்பரையும் 'டெய்லர் அக்கா' என்றுதான் என் போனில் போட்டிருந்தேன்.

போன வருடம், இவர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் இவர் பையில் இருந்த டப்பாவை எடுத்துப் பார்த்து, "இது எதுக்குள்ள மாத்திரை இஷாக்கு?" என்று கேட்டிருக்கிறார். அன்றோடு இவர் மாத்திரையையும் நிறுத்தினார், மதுரைக்கு வருவதையும் நிறுத்தினார். கெஞ்சினேன், திட்டினேன், சோறு போடாமல்கூட இருந்து பார்த்தேன். எட்டே மாதத்தில் காசநோய் வந்து ஆள் போய்விட்டார். வீட்டில் காசநோய் வரைக்கும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்; தெருவுக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னோம்.

ஒரு நாள்கூட விடக்கூடாது, விட்டு விட்டுப் போட்டால் மருந்து உடம்பில் வேலை செய்யாமல் போய்விடும் என்று கௌசல்யா அக்கா தலைபாடாய் அடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். விருந்தாளி வந்துவிட்டால் குழம்பில் தண்ணீரை ஊற்றிப் பழகிய புத்தி. இருபத்திரண்டை நாற்பத்து நாலு நாளைக்கு இழுத்தேன்.

மருந்து வாங்க வேண்டிய தேதி தாண்டியதும் போன் வந்தது. நான் தொழுகையில் இருந்தேன். மஹ்ஜபீன் எடுத்து, "மதினி இத்தாவுல இருக்காங்க. இப்ப எதுவும் தைக்க மாட்டாங்க. நாலு மாசம் செண்டு பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த அக்காவால் என்னவென்று சொல்ல முடியும்?

மறுநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நானே கூப்பிட்டேன்.

"வர முடியலைனா சொல்லு சபிஹா. எங்க ஆளு ஒருத்தரை வீட்டுக்கே அனுப்புறேன்" என்றார்.

துக்க வீட்டுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டு வந்து, சபிஹா வீடு எது என்று கேட்டால் போதும். எங்கள் தெருவில் பத்துப் பேர் கூடவே வந்து கதவைத் தட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் அத்தனை தடவை கேட்டும் வேண்டாம் என்று சொன்னது நான்தான். அந்த வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

நாற்பதாம் நாள் ஓதுவதற்கு வந்த ஹஜரத்திடம் யாரோ ஒரு பெண், இத்தாவில் இருப்பவள் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். "வைத்தியத்துக்குத் தாராளமாப் போகலாம். நோவோட கெடந்து சாகச் சொல்லி மார்க்கத்துல இல்ல" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆக, என்னைக் கட்டிப்போட்டது மார்க்கம் இல்லை. ஆனால் போவதென்றால் மாமியும் கூட வருவார், ஃபயாஸ் ஆட்டோ பிடிப்பான், எந்த டாக்டர், என்ன நோவு என்று கேட்பார்கள்.

மாத்திரை தீர்ந்து ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்தது. பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புண். எச்சில் விழுங்கினால் உயிர் போனது. பார்க்க வந்த பெண்கள், "புருஷன் மேல அம்புட்டுப் பாசம், உருகிப் போயிட்டா பாரு" என்று மெச்சினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து உட்காரத் தெம்பு இருந்திருந்தால் ஏதாவது செய்திருப்பேன். மாமி மட்டும் பேசாமல் என் துணியை அலசினார், முதுகைத் துடைத்துவிட்டார்.

தொண்ணூற்று நாலாம் நாள் காலை. மாமி கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று தணிந்த குரலில் கேட்டார்.

"மாத்திரை தீந்துருச்சா?"

எந்த மாத்திரை என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

"அம்பது நாளாச்சு மாமி."

"இஷாக் ஆஸ்பத்திரியில வச்சு என்கிட்டச் சொன்னான். அவளுக்கும் என்னாலதான் வந்துச்சு, பாத்துக்கம்மான்னான். நீ வச்சிருப்பேன்னு நெனச்சேன். கேட்டா நீ பயந்துருவியோன்னு கேக்கல."

நான் வாய்விட்டு அழுதேன். ஒரு திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இனி மறைக்க ஒன்றுமில்லை, பிழைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"நாளைக்கே மதுரைக்குப் போவோம் மாமி. நாம ரெண்டு பேரும். வைத்தியத்துக்குப் போகலாம்னு ஹஜரத்தே சொல்லிட்டாரு."

மாமி கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கெழமை வத்தலக்குண்டுல இருந்து மஹ்ஜபீனைப் பாக்க வாராங்க. இங்கன ஆளு வச்சு விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க. இத்தாவுல இருக்குறவளோ, அவளைப் போட்டுட்டு நானோ மதுரைக்கு பஸ் ஏறுனா எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? அண்ணன்காரன் எதுல மவுத்தானான்னு தோண்ட மாட்டாங்களா? இன்னும் முப்பத்தாறு நாளு. இத்தா முடிஞ்ச மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன்."

"அதுவரைக்கும் நான் இருப்பேனா மாமி?"

"அல்லா வச்சிருப்பான்."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக மாமியிடம் என் குரல் உயர்ந்தது. "உங்க மகனும் இப்படித்தான் ஊருக்குப் பயந்து பயந்தே செத்தாரு. அவருக்கு வந்தது காமாலை இல்ல, எச்..."

ஜன்னலுக்கு வெளியே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சு சட்டென்று நின்றது. மாமியின் உள்ளங்கை என் வாயை அழுத்தி மூடியது.

வெடித்த உதட்டு ரத்தமும் எச்சிலும் அந்தக் கையில் ஒட்டின. மாமி அருவருக்கவில்லை, கையை இழுத்துக்கொள்ளவில்லை. தெரிந்தால் எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஆக்கிவிடுவார் என்றுதான் ஐந்து வருடமும் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு என் நோயைக் கண்டு துளி பயமில்லை. குழாயடியில் நின்ற நாலு பெண்களுக்குப் பயந்துதான் அவர் கை என் வாயை விடவில்லை.

"மெதுவா புள்ள. மெதுவா."

அவர் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. முன் அறையில் மஹ்ஜபீன் ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சுடிதார் போடுவது என்று யாரிடமோ போனில் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு எட்டு வயது. தினமும் நான்தான் தலை பின்னிவிடுவேன்.

எனக்கு மூச்சு முட்டியது. சரி என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் மாமி கையை எடுத்தார்.