புகை ஐஸ்

தர்சன் என் ஆட்காட்டி விரலைப் பிடித்துத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். விரல் நுனியில் பயறளவு இடம் வெள்ளையாகிப் போயிருந்தது.

"ஐஸ் சுட்ட பொம்பிளை திருகோணமலையிலயே நீ ஒராள்தான். தொடாதை எண்டு ஐஸ் கொண்டுவந்த தம்பி ரெண்டு தரம் சொன்னவன்."

"நான் தொடேல்லை. பட்டுது."

"ஓமோம். ஐஸ்தான் எழும்பி வந்து உன்னைத் தொட்டது."

சிரித்தபடி எண்ணெய்ப் போத்திலை மூடிவைத்தார். அதற்குப் பிறகு அவர் என் கையைப் பிடிக்கவில்லை.

அன்று டிசம்பர் இருபத்து மூன்று. மாரிமழை நான்கு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் பழைய வீடொன்றை யசோதரா அக்கா விருந்தினர் விடுதியாக நடத்திவந்தார். நான் அங்கே குசினியில் வேலை செய்தேன். என் கணவர் தர்சன் சல்லிக் கிராமத்தில் கடற்றொழில் செய்பவர். மாரியில் கடல் விடாது. அந்த மாதங்களில் அவரும் விடுதிக்கு வந்து விருந்தினருக்குக் குடிவகை கலந்து கொடுப்பார்.

அக்கா இருபத்தாறு வருடம் ரொறன்ரோவில் இருந்தவர். அந்த நத்தார்ப் பண்டிகைக்குக் கனடாவிலிருந்து பதினெட்டுப் பேர் அன்று பின்னேரம் வருவதாக இருந்தது. 'விண்டர்' என்று தலைப்பெழுதி ஐந்து பானங்களின் பெயரைக் குசினிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

"விண்டர் எண்டால் எங்கட மாரிதானே அக்கா?" என்று தர்சன் கேட்டார்.

"மாரிதான். ஆனா வெள்ளையா இருக்கோணும்."

இஞ்சியும் கறுவாப்பட்டையும் போட்டுச் சீனிப்பாணி காய்ச்சி வடிப்பது என் வேலை. தர்சன் அதை ஒடுங்கிய கிளாசின் அடியில் ஒரு விரற்கடை ஊற்றி, தேசிக்காய்ப் புளி நாலு சொட்டு விட்டு, கிளாசைச் சரித்துப் பிடித்து ஷாம்பெயினை ஓரத்தால் இறக்குவார். நேரே ஊற்றினால் நுரை பொங்கிக் காஸ் போய்விடும். வலை இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கைகள் கிளாசைப் பிடிக்கிற பக்குவத்தை நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்ததுண்டு. கனடாவில் ஏதோ ஊசியிலைக் கொத்து வைப்பார்களாம். இங்கே அது கிடையாது. அவர் கடற்கரையில் சவுக்குக் கொத்து ஒடித்துவந்து, முட்டை வெள்ளையில் தோய்த்துச் சீனியில் உருட்டித் தட்டைச் சுற்றி அடுக்கினார். பனி கொட்டிக் கிடப்பதுபோலவே இருந்தது. அக்காவின் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தட்டில் புகையும் வேண்டுமென்றுதான் கொழும்பிலிருந்து அந்த ஐஸ் வந்தது. சுடுநீர் பட்டால் வெள்ளைப் புகை தட்டு வழிய இறங்கும். கிண்ணியாவிலிருந்து வான் ஓடுகிற ரிஷாத் இருபது கிலோவைப் பெட்டியில் கொண்டுவந்தான். அவனுடைய ஒரு பக்கத் தோள் தெப்பமாக நனைந்திருந்தது.

"ஏன் தம்பி, கண்ணாடியைப் பூட்டேல்லையோ?"

"ஏத்தினவங்க தொறந்து வச்சிட்டுத்தான் ஓடணும் எண்டாங்க அக்கா. ஏனெண்டு தெரியா. கையால மட்டும் தொட்டிராதீங்க, நெருப்பு மாதிரிச் சுடும்."

சுடும் என்றதை எல்லோரும் பிடித்துக்கொண்டோம். கண்ணாடியைப் பற்றி ஒருவரும் மேலே கேட்கவில்லை.

ஐஸைப் பற்றித் தர்சனுக்கு ஆரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பதினாறு வயதிலிருந்து மீனுக்கு ஐஸ் அடித்தவர். உடைக்க வேண்டும், மரத்தூளில் புதைக்க வேண்டும், காற்றுப் படாமல் அடைக்க வேண்டும். வீட்டுக்குக் கீழே நாலு படி இறங்கினால் ஜன்னலில்லாத களஞ்சிய அறை ஒன்று இருந்தது. போத்தில்களும் அங்கேதான். கையுறை போட்டுக்கொண்டு ஐஸைச் சுத்தியலால் சிறு துண்டுகளாக உடைத்து, மீன்பெட்டியில் மரத்தூளோடு நிரப்பி அந்த அறையில் வைத்தார். சுவரிலிருந்த இரண்டு காற்றுத் துவாரங்களிலும் சாக்கைத் திணித்தார். கதவுக்குக் கீழும் ஒரு சாக்கு.

"பின்னேரம் வரைக்கும் அசையாது," என்றார்.

இரண்டு மணிக்கு அக்கா ஒரு தட்டைச் செய்து பார்க்கச் சொன்னார். ஷாம்பெயின் எடுக்க நான்தான் கீழே இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்ததும் மூச்சு ஓடத் தொடங்கியது. ஓடி வந்தவள்போல் இரைத்தது. வாயில் ஒரு புளிப்பு. சோடா மூக்கில் ஏறினதுபோல உள்ளே குத்தியது. நெஞ்சு அடித்த அடியில் காது கேட்கவில்லை. போத்திலை எடுக்காமல் மேலே ஏறிவந்து குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

தர்சன் என் முகத்தைப் பார்த்தார். "பங்கரோ?"

நான் தலையாட்டினேன்.

சம்பூரில் பிறந்தவள் நான். இரண்டாயிரத்து ஆறில் ஷெல் விழுந்த நாட்களில் ஒன்பது பேர் ஒரு பங்கருக்குள் கிடந்தோம். ஒரு பக்கம் இடிந்து மண் மூடியபோது எனக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து அடைத்த இடம் எதுவும் எனக்கு ஆகாது. பஸ்ஸில் கண்ணாடியைப் பூட்டினால் மூச்சு முட்டும். வங்கியில் லிப்டுக்குள் கத்தி ஊரைக் கூட்டியிருக்கிறேன். என் மூச்சு பொய் சொல்லும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"கீழ சோடா மணக்குதப்பா," என்றேன்.

"ஒரு போத்தில் வெடிச்சிருக்கும். நீ இரு. நான் எடுத்தாறன், ஐஸும் வேணும்தானே."

வாளியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். உள்ளேயிருந்து, "கதவைச் சாத்து! ஐஸ் போயிடும்," என்றார்.

நான் எழுந்து போய்ப் படிக்கு மேலேயிருந்த கதவைச் சாத்தினேன்.

மீன்பெட்டி மூடி திறந்த சத்தம் கேட்டது. வாளியில் துண்டுகள் விழுகிற சத்தம் இரண்டு தரம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும்.

அதற்கு முந்தின கிழமை இதே கதவுக்குப் பின்னால் ஒளிந்துநின்று என்னைப் பயப்படுத்தியவர் அவர். நான் வீரிட்டுக் கத்த, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைத்தான் நினைத்தேன்.

"விளையாடாதேங்கோப்பா."

கதவைத் தட்டினேன்.

"இஞ்சருங்கோ. நான் திறக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

என் கை கதவுப்பிடியில் இருந்தது. திறக்க வேண்டும் என்று உடம்பு சொன்னது. அது சொன்னதை நம்பாமல் இருக்கத்தான் இத்தனை வருடமும் பழகியிருந்தேன். மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ அப்படியே நின்றேன்.

திறந்தபோது தரையில் முழங்காலளவுக்கு வெள்ளைப் புகை அசையாமல் கிடந்தது. அதற்குள் அவருடைய நீலச் சட்டையின் முதுகு தெரிந்தது. குப்புற விழுந்து கிடந்தார். வாளி சரிந்திருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினேன். இரண்டாம் படி, மூன்றாம் படி. மூச்சை இழுத்தேன்; இழுத்தது உள்ளே போய் ஒன்றும் செய்யவில்லை. கண் இருண்டது. கால் இருக்கிற இடம் தெரியவில்லை. யாரோ என் பின்னலைப் பிடித்து மேலே இழுத்தார்கள். யசோதரா அக்கா. நான் அவருடைய கையைக் கடித்தேன். அவர் விடவில்லை.

"நீயும் போனா ஆரடி அவனைத் தூக்கிறது!" என்று அழுதுகொண்டே கத்தினார்.

பக்கத்து வீட்டு ஆட்கள் வெளியிலிருந்து சாக்குகளைப் பிடுங்கி, ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, அவரை வெளியே கொண்டுவந்தார்கள். மழையில், முற்றத்தில் படுக்கவைத்தார்கள். மார்பை அமத்தினார்கள். அம்புலன்ஸ் வந்தது. அவர் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அது தண்ணி ஐஸ் இல்லையம்மா. சோடாக்குள்ள இருக்கிற காஸைத்தான் இறுக்கி அப்பிடி ஆக்கிறது. கரையாது. திரும்பவும் காஸாகி நிலத்தோட படியும். அடைச்ச அறை எண்டால் மூச்சுக்குக் காத்து மிஞ்சாது."

"எனக்கும் மூச்சு வாங்கினது. நான் பயம் எண்டு நினைச்சனான்."

"பயமில்லை அம்மா. உங்கட உடம்பு சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அன்றிலிருந்து நான் பயப்படுவது அந்த வார்த்தைக்குத்தான்.

தர்சனுடைய கையுறையைக் கழற்றும்போது பார்த்தேன். அந்தக் கைகளில் ஒரு சிறு சூட்டுக் காயம்கூட இல்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு அக்காவோடு அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். கதவைக் கழற்றிவிட்டிருந்தார். மீன்பெட்டியில் ஐஸ் இல்லை. மரத்தூளில் கையை விட்டுப் பார்த்தேன். பொருபொருவென்று காய்ந்திருந்தது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

இப்போது மாரியிலும் நான் கதவு ஜன்னல் எதையும் பூட்டுவதில்லை. சாரல் அடித்துப் பாய் நனையும். நனையட்டும் என்று விட்டுவிடுகிறேன். எங்காவது மூச்சு இரைத்தால், அருகில் இருப்பவர்கள் சிரித்தாலும், அவர்களையும் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.

விரல் நுனியில் அந்த வெள்ளை மாறவில்லை. பச்சைமிளகாய் அரிகிற நாட்களில் மற்ற விரல்களெல்லாம் எரியும். அந்தப் பயறளவு இடத்தில் ஒன்றும் தெரிவதில்லை.