சஹனின் நடுவில் கோழி

"2025 ஜூன் 17, செவ்வாய். இன்று ஒரு பிழை: சஹனில் கோழியை யார் பிய்ப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்."

எழுதியதை வாசித்துப் பார்த்த றிஸ்லா, 'மறந்துவிட்டேன்' என்பதை வெட்டினாள். தெரிந்ததைத்தானே மறக்க முடியும்? 'சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை' என்று மாற்றினாள். மாலை வகுப்பில் ஆசிரியப் பயிற்சி பெறுகிறவர்கள் அன்றன்று நடந்ததை எழுதிக் காட்ட வேண்டும்.

பகலில் அவள் அலுவிகாரைப் பக்கத்து சர்வதேசப் பாடசாலையொன்றில் உதவி ஆசிரியை. நாவுலப் பக்கம் வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினியர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். நாளை பெற்றோர் தினம். ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து உண்ணும் சஹன் சாப்பாட்டைத் தன் பங்குக்குக் காட்டுவதாக அவள் துணிந்து சொல்லியிருந்தாள். கேட்ட உம்மா சிரித்தார்.

"அந்தப் புள்ளைங்க சஹன்ல உக்காருவாங்களா? முள்ளுக்கரண்டி கேப்பாங்க, பாரு!"

அதிபர் ராஜநாயகமும் லேசில் சம்மதிக்கவில்லை. "இன்னைக்கு ஒத்திகை பாப்போம் றிஸ்லா. சரிவந்தா நாளைக்கு சஹன். இல்லாட்டி ஆளுக்கொரு பிளேட்."

பாய் விரித்து, சஹனில் முந்திரிக் கஜு தூவிய நெய்ச்சோறு பரப்பி, நடுவில் முழுக் கோழியை வைத்தாள். "அவரவர் முன்னால இருக்கிறத மட்டும்தான் சாப்பிடணும்," என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

வினை அங்கேதான் பிடித்தது. நெதர்லாந்துக்காரி லொட்டே விரலால் சோற்றில் கோடு கிழித்தாள். மற்றவர்களும் கிழித்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் சஹன் ஆறு நாடாகிவிட்டது.

"உன் கஜு என் நாட்டுக்குள்ள வந்துட்டு!" என்றாள் லொட்டே.

"விசா எடுத்துக்கிட்டுதான் வந்தது," என்றான் ஜப்பானிய யூத்தோ.

சிரிப்பெல்லாம் சரி, கோழியை ஒருவரும் தொடவில்லை. அது யார் முன்னாலும் இல்லையே! சோறு கரையக் கரைய, கோழி மட்டும் குன்றுபோல் நின்றது. அதிபர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். சமையலறை மரிய கொறற்றி பிளேட்டுகளை அடுக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

"வச்சிடட்டுமா தங்கச்சி?"

"கொஞ்சம் பொறுங்கக்கா."

வீட்டுச் சஹனில் மூத்தவர்தான் கோழியைப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் தள்ளுவார். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. கோழி தானாக வரும் என்றே வளர்ந்தவள் றிஸ்லா.

"உங்கள்ல யார் மூத்தவங்க?" என்று கேட்டாள்.

பிறந்தநாள் சண்டை ஓய்ந்து யூத்தோ தேறினான். அவன் இழுத்த இழுப்பில் கோழிக்கால் பறந்து லொட்டேயின் மடியில் விழுந்தது. ஆனாலும் எல்லாருக்கும் தள்ளித் தள்ளி, கடைசியில் அவனுக்கு மிஞ்சியது கழுத்து. லொட்டே அதைப் பார்த்தாள். இடையிலிருந்த கோட்டை அழித்து, தன் துண்டில் பாதியை அந்தப் பக்கம் தள்ளினாள்.

அதிபர் பிளேட்டுகளைத் திருப்பி அனுப்பினார். பிறகு மெல்லக் கேட்டார். "நாளைக்கு அம்மாமாரும் உக்காருவாங்க. அவங்ககிட்ட யார் மூத்தவங்கன்னு கேப்பீங்களா?"



"கேட்டா எல்லாரும் இளையவங்கதான் சேர்," என்றாள் போகிற போக்கில் மரிய கொறற்றி. "கோழி அப்பிடியே கிடக்கும்!"

குறிப்பேட்டுக்குத் திரும்பிய றிஸ்லா பேனாவைக் கடித்தபடி யோசித்துவிட்டுக் கடைசி வரியை எழுதினாள்.

"நாளை: மணி அடிக்குமுன் பிள்ளைகள் எல்லாரையும் கோழி பிய்க்கப் பழக்க வேண்டும். சஹனுக்கு ஒரு பிள்ளை."